செத்தவர் ஒரு தடவை சிரிக்க வேண்டும்

ஜூன் 9, திங்கள்

இன்று டைரக்டர் இன்பராஜ் மூஞ்சியில் சீன் பேப்பரை விட்டெறிந்தேன். தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எறிந்த பிறகு சாப்பிட்ட தயிர் சாதம்கூட நன்றாக இறங்கியது.

பதினோரு மாசமாக ‘மங்கள இல்லம்’ சீரியலில் வீட்டுக்குப் பெரியவர் ராஜமாணிக்கம் நான்தான். பெரியவர் என்று பேர். மருமகள்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள், மகன்கள் கத்துவார்கள், நான் பின்னால் தூண் மாதிரி நிற்பேன். யாராவது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டால் என் முகத்தை மூன்று தடவை கிட்டே கொண்டுவந்து காட்டுவார்கள். அதோடு என் வேலை முடிந்தது. இன்றைக்குக் கொடுத்த சீன் ஆறு பக்கம். அதில் பால்வண்ணனாகிய எனக்கு இருந்த வசனம், “ம்.”

“தம்பி, இந்த ‘ம்’மை என்ன பாவத்துல சொல்லணும்?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

“அதை டப்பிங்ல போட்டுக்கலாம் சார். நீங்க சும்மா நில்லுங்க.”

சும்மா நிற்க வேண்டுமாம்! “நான் மைக் இல்லாம மூணு மணி நேரம் ராஜபார்ட் பேசினவன்டா” என்றேன். பின்னால் இரண்டு அசிஸ்டன்ட்கள் சிரித்தார்கள். பேப்பர் பறந்துவிட்டது.

மரகதம் அங்கேயேதான் இருந்தாள். சீரியலில் என் மனைவி விசாலாட்சியாக வருவது அவள். வீட்டிலும் மனைவி அவள்தான். புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துப் போட்டால் அழைத்துவர ஒரு கார் போதும் என்று கம்பெனி செய்த ஏற்பாடு. நான் விக்கைக் கழற்றி மேக்கப் மேஜையில் எறிந்துவிட்டு, “வா, போகலாம்” என்றேன்.

“எனக்கு இன்னும் ரெண்டு சீன் பாக்கி இருக்கு. நீங்க ஆட்டோ பிடிச்சுப் போங்க” என்றாள்.

போரூரிலிருந்து சாலிகிராமம் வரைக்கும் ஆட்டோவில் தனியாக வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

யாரும் போன் செய்யவில்லை. நாளைக்குக் கெஞ்சிக்கொண்டு வருவார்கள்.

ஜூன் 12, வியாழன்

வரவில்லை. சாயங்காலம் மரகதம் ஷூட்டிங்கிலிருந்து வந்தாள். புடவைகூட மாற்றாமல் சோறு வடித்துக்கொண்டே சொன்னாள், “உங்களைக் காசிக்கு அனுப்பிட்டாங்க.”

“எப்ப திரும்பி வர்றேன்?”

“வரல. பஸ் கவுந்துருச்சு.”

கையில் தண்ணிச் செம்பு இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அப்படி ஒரு ஆத்திரம். அடப் பாவிகளா! சினிமாவில் நான் பதினாலு தடவை செத்திருக்கிறேன். கதாநாயகனுக்கு நண்பனாக இருந்தபோது வில்லன் கையால் ஆறு தடவை. இன்ஸ்பெக்டராகி நாலு தடவை. பெண்ணைப் பெற்றவனாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை. அத்தனை தடவையும் நானே போய், நானே விழுந்து, நானே செத்தேன். இவன் ஆளைக் கூப்பிடாமலே கொன்றுவிட்டான்.

“நீ ஒரு வார்த்தை கேக்கலையா?” என்றேன் மரகதத்திடம்.

“கேட்டேன். ரசத்துக்குப் புளி கரைச்சு வைங்கன்னு காலைல சொன்னேனே, கரைச்சீங்களா?”

கரைக்கவில்லை.

ஜூன் 14, சனி

புரொடக்‌ஷன் மேனேஜர் ஜோதிலிங்கம் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார். மனுஷன் எழவு வீட்டுக்கு வந்த மாதிரியே முகத்தை வைத்திருந்தார். மரகதம் காய் வாங்கப் போயிருந்தாள்.

விஷயம் இதுதான். ராஜமாணிக்கத்தின் போட்டோவுக்கு மாலை போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறார்கள். அதன் முன்னால் விசாலாட்சிக்குப் பெரிய சீன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனாக நடித்தவன், காட்சி முடிந்ததும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். அப்புறம் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். சிரிக்காமல் விட்டால் நிஜமாகவே ஆளைத் தூக்கிவிடும் என்று பயம். நானும் பதினாலு தடவை சிரித்திருக்கிறேன்.

“வெறும் போட்டோதான, சிரிப்பெல்லாம் வேணாம்னு டைரக்டர் சொல்லிட்டாருங்க. அம்மாதான் ஒத்துக்கல” என்றார் ஜோதிலிங்கம். “எம் புருஷன் நேர்ல வந்து, அந்த போட்டோவுக்குக் கீழ உக்காரணும், நான் பேசி முடிக்கிற வரைக்கும் இருந்து கேக்கணும், கடைசில சிரிக்கணும், அப்பத்தான் செய்வேன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷத் தாலி அப்படிப் பேசாமல் வேறு எப்படிப் பேசும்? இந்தக் காலத்தில் எவள் இவ்வளவு பார்க்கிறாள்?

“இன்பராஜை வந்து என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. அப்புறம் யோசிக்கிறேன்.”

“சார், பேப்பரை எறிஞ்சது நீங்க.”

“எறிய வச்சது யாருய்யா?”

ஜோதிலிங்கம் எழுந்து போய்விட்டார். வர மாட்டேன் என்பதில் மாற்றமில்லை. ஆப்பிள் நன்றாக இருந்தது, இரண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மரகதம் ஏழு மணிக்கே போய்விட்டாள். கம்பெனி கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. நான் சட்டையை மாட்டப் போய்விட்டு, அப்புறம்தான் ஞாபகம் வந்து திரும்பினேன். இன்றைக்குத் தண்ணி லாரி வந்தது. மேல் வீட்டுக்காரர் குடத்தோடு நின்ற இடத்தில், “சார், உங்களைக் கொன்னுட்டாங்களாமே, என் வீட்டுக்காரி ஒரே அழுகை” என்றார். அவரோடும் சண்டை போட்டேன்.

மத்தியானம் அவள் அலமாரியில் அந்த சீனின் பேப்பரைப் பார்த்தேன். தேடவில்லை, மேலேதான் இருந்தது. பதினோரு பக்கம்! சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி விசாலாட்சியின் பொட்டை அழிக்க வருகிறார்கள். அவள் கையைத் தட்டிவிட்டு, புருஷன் உட்கார்ந்த நாற்காலியில் போய் உட்காருகிறாள். இனிமேல் கதையே அவள் கையில். எனக்கு ‘ம்’, அவளுக்குப் பதினோரு பக்கமா?

அவளுக்குப் பேசத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் நாடக மன்றத்தில் அவள் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் முறுக்கு விற்கிறவர்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். நான் ராஜபார்ட்தான், இருந்தாலும் கைதட்டல் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியும். தொண்ணூற்று நாலில் அவளைச் சினிமாவுக்குக்கூடக் கேட்டு வந்தார்கள், கதாநாயகி வேஷத்துக்கு. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

வாஷிங் மெஷின் ஒழுகுகிறது. பழைய துண்டை அடியில் கொடுத்திருக்கிறேன்.

நேற்று எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். அந்த முடிவை எடுத்தது நான். மரகதம் அப்போது அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சங்கரன்கோவிலில் இருந்தாள். வந்தவர்களுக்கு அன்றைக்கே பதில் வேண்டியிருந்தது. போன் வசதி எல்லாம் இப்போது மாதிரி கிடையாது.

ஜூன் 19, வியாழன்

இன்று வீட்டில் பெரிய ரகளை. நான்தான் கத்தினேன், அவள் வெண்டைக்காய் நறுக்கினாள்.

“என் போட்டோவுக்கு மாலையைப் போட்டு, அதுக்கு முன்னால நின்னு நீ நடிப்பியா?”

“நடிப்பேன். நீங்க வந்து உக்காந்தா.”

“வரலேன்னா?”

“வரலேன்னா நான் செய்ய மாட்டேன். வேற ஆளைப் போட்டுக்குவாங்க.”

“போட்டுக்கட்டுமே! இந்த வயசுல உனக்கு என்னடி அப்படி ஒரு ஆசை?”

கத்தியைக் கீழே வைத்தாள். “இருபது வருஷம் டப்பிங் தியேட்டர் இருட்டுல நின்னேன். மும்பைலேருந்து வந்த பொண்ணுங்க வாயசைப்பாங்க, நான் அழுவேன். படம் பாத்துட்டு வந்தவங்க, அந்தப் பொண்ணு என்னமா அழுறாம்பாங்க. ஒரே ஒரு தடவை என் மூஞ்சிய வச்சு, என் குரல்ல பேசணும். அதுவும் நீங்க இருந்து கேக்கணும்.”

“என்னால்தான் உனக்கு இந்த சீரியலே கிடைச்சது, ஞாபகம் இருக்கட்டும்” என்றேன்.

“ம்” என்றாள்.

ஒரு ‘ம்’தான். அதில் இருந்த பாவத்தை இன்பராஜ் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. வெண்டைக்காய்ப் பொரியலில் உப்பு கம்மி.

ஜூன் 20, வெள்ளி

ஜோதிலிங்கம் போன் செய்தார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் வராவிட்டால் விசாலாட்சி வேஷம் பிரபாவதிக்கு. சேனலில் பேசி ஒப்புதல் வாங்கியாயிற்றாம். எபிசோடு தொடங்கும்போது கீழே ஒரு வரி ஓடும், “விசாலாட்சியாக, இனி இவருக்குப் பதில் இவர்.” அவ்வளவுதான். பதினோரு மாசம் பார்த்தவர்கள் இரண்டு நாள் முகத்தைச் சுளிப்பார்கள், மூன்றாவது நாள் இவள்தான் விசாலாட்சி. எத்தனை பேருக்கு அந்த வரி ஓடிப் பார்த்திருக்கிறேன். நான்கூட இன்னொருவருக்குப் பதிலாகத்தான் இந்த சீரியலுக்குள் வந்தேன். அவர் பேர் இப்போது மறந்துவிட்டது.

மரகதத்திடம் சொன்னேன். “சரி” என்று சொல்லிவிட்டு, விசாலாட்சிக்காக வீட்டிலிருந்து சொந்தமாகக் கொண்டுபோயிருந்த வெங்காயச் சருகு நிறப் பட்டுப் புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் போயிருப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் தேன்மொழி பேசினாள். பேசினாள் என்பதா, என் மேல் ஏறினாள்.

“அப்பா, உங்களுக்கு வெக்கமா இல்லையா? அம்மா இதுவரைக்கும் உங்ககிட்ட எதாச்சும் வேணும்னு கேட்டிருக்காங்களா?”

“கேக்க விட்டாத்தானே, நான்தான் எல்லாம் பாத்துப் பாத்துச் செய்றேனே.”

“என்ன செஞ்சீங்க? ஒண்ணு சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டேன். பெற்ற அப்பனை எதிர்த்துப் பேசுகிறாள். இந்தப் பேரை வைக்க வேண்டும் என்று அவள் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். நான் வேறு பேர் யோசித்து வைத்திருந்தேன். இவள் நாக்கில் தேன் ஒன்றும் ஒழுகவில்லை.

என்ன செய்தேன் என்று கேட்கிறாளே. சரி, இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். தொண்ணூற்று நாலு ஆவணி மாசம். மரகதத்தைக் கேட்ட சினிமா டைரக்டரின் உதவியாளர் வீரராகவன் என்று ஒருவர், கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷன், படியேறி வந்தார். அவளை டைரக்டர் மயிலாப்பூர் சபாவில் பார்த்தாராம், மறுநாளே டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால், ஆள் அனுப்பி அழைத்து வந்துவிடுவார்கள். அதனால் அவளுக்கு இது அஞ்சாவது மாசம் என்று சொன்னேன். அப்போது மாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. தேன்மொழி பிறந்தது தொண்ணூற்றாறில்.

அவர் “அடடா” என்று எழுந்தார். வாசல் வரைக்கும் கூடப் போனேன். “எனக்கு ஏதாவது இருக்குமா சார்?” என்று கேட்டேன். கதாநாயகனின் நண்பன், நாலு சீன். அதிலிருந்துதான் என் சினிமா தொடங்கியது.

ஏன், தப்பா? மன்றத்தில் பேனரில் பேர் முதலில் போட்டது யாருக்கு? பெண்டாட்டி போஸ்டரில் நிற்க, நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போயிருக்க வேண்டுமா? எந்த ஆம்பளை போவான்? போனவன் எவனாவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எழுதியதை அடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

டிவியில் வேறொரு சீரியலில் பிரபாவதி அழுவதைப் பார்க்க நேர்ந்தது. அழச் சொன்னால் தும்முகிறாள். மூக்கை உறிஞ்சுகிறாள், கண்ணில் பொட்டுத் தண்ணி இல்லை, இடது கையால் மட்டும் நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள், வலது கையில் வளையல் உடைந்துவிடுமாம். இவளா நாளைக்கு என் போட்டோ முன்னால் நின்று என் பெண்டாட்டியாக அழப் போகிறாள்? செத்தவனுக்கும் ஒரு மரியாதை உண்டு.

மரகதத்திடம் போய், “நாளைக்கு வர்றேன். இன்பராஜுக்காக இல்ல. நீ வருத்தப்படுவியேன்னுதான்” என்றேன்.

 அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், “வெள்ளை வேட்டி வேண்டாம். அந்தப் பழுப்புச் சட்டை போட்டுக்குங்க” என்றாள். பெட்டியிலிருந்து பட்டுப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். நான் பெரிய மனசு பண்ணியதாக எனக்கே ஒரு திருப்தி.

ஜூன் 25, புதன்

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் போனோம். இன்பராஜ் “வாங்க சார்” என்றான், நான் வேறு பக்கம் பார்த்தேன். கூடத்தில் என் போட்டோவை மாட்டிச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். குண்டு பல்பு ஒன்று எரிந்தது. அதற்குக் கீழே, கேமராவில் படாத மாதிரி ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். சீன் முடிந்ததும் கேமரா கீழே இறங்கி என்னிடம் வரும், நான் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

மரகதம் ஏழு பக்கம் பேப்பரில் இருந்தபடியே பேசினாள். பொட்டை அழிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். லைட்மேன்கள் மேலே பலகையில் உட்கார்ந்து பீடியைக்கூட மறந்து பார்த்தார்கள். அப்படி ஒரு குரல். எனக்கு அந்த முறுக்குக்காரர் ஞாபகம் வந்து, அப்போதே வயிறு எரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எட்டாவது பக்கத்தில் அவள் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். உட்காரவில்லை. போட்டோவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஆனால் பார்வை போட்டோவில் இல்லை. கீழே, என் மேல் இருந்தது.

“நான் அழுவேன்னு எல்லாரும் காத்துட்டிருக்காங்க. எனக்கு அழுகை வரல. உங்களை ஒண்ணு கேக்கணும். எங்கம்மா முடியாம கெடந்தப்ப நான் ஊருக்குப் போயிருந்தேனே, அப்ப என்னைத் தேடி வந்தவர்கிட்ட என்ன சொன்னீங்க? அஞ்சு மாசம்னீங்க. யாருக்கு அஞ்சு மாசம்? என் வயித்துல அப்ப என்ன இருந்துச்சு?”

இது பேப்பரில் கிடையாது.  இன்பராஜ் பேப்பரைப் புரட்டினான், பிறகு புரட்டுவதை நிறுத்திவிட்டு, எடு எடு என்று கேமராமேனுக்குக் கை காட்டினான்.

“மறு வருஷம் அதே மனுஷனை வேலை செய்யிற எடத்துல பாத்தேன். ‘அப்ப அஞ்சு மாசம்னாரே உங்க வீட்டுக்காரர், என்னம்மா குழந்தை பொறந்துச்சு?’ன்னு ஆசையா கேட்டார். என்ன சொல்லட்டும்? எம் புருஷன் பொய் சொன்னார்னு சொல்லட்டுமா? பொண்ணுன்னேன். பேர் என்னன்னார். அந்த நிமிஷம் வாயில வந்த ஒரு பேரைச் சொன்னேன். உங்க மானத்தைக் காப்பாத்த, இல்லாத பிள்ளைக்குப் பேரு வச்சவ நான். அப்புறம் நிஜமாவே ஒருத்தி பொறந்தா. சொன்ன சொல்லு பொய்யாயிரக் கூடாதுன்னு அவளுக்கும் அதே பேரை வச்சேன். நீங்க கேட்டீங்க, ஏன் இந்தப் பேருன்னு. இதான். கேட்டுக்குங்க.”

அப்புறம் திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

 கேமரா இறங்கி என்னிடம் வந்தது. என்னால் முடியவில்லை. உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது, என்னத்தைக் கத்துவது? ஜோதிலிங்கம் பின்னாலிருந்து, “சார், சிரிங்க, நல்லதில்ல சார், சிரிச்சிருங்க” என்று கெஞ்சினார்.

மரகதம் நாற்காலியிலிருந்தே சொன்னாள். “சிரிங்க. எத்தனை பேர் காத்துட்டிருக்காங்க பாருங்க.”

சிரித்தேன். பதினைந்தாவது தடவை. கட் சொன்னார்கள், ஒரே கைதட்டல். பூசணிக்காயை என் தலையைச் சுற்றி வாசலில் போட்டு உடைத்தார்கள்.

இன்பராஜ் ஓடி வந்து, “மேடம், அந்த அஞ்சு மாசம் மேட்டர் பிரமாதம்! எங்கேர்ந்து பிடிச்சீங்க? இதையே ஃப்ளாஷ்பேக்கா பத்து எபிசோடு இழுத்துடலாம்” என்றான்.

“பழைய நாடகம் ஒண்ணுல இருந்து” என்றாள் மரகதம்.

சாயங்காலம் ஒரே காரில் வந்தோம். வளசரவாக்கம் தாண்டினோம். முப்பது வருஷம் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டே இவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், தைலம் தேய்த்திருக்கிறாள், என் படம் வந்தால் முதல் நாளே வந்து பார்த்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தாலும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது.

“இத்தனை வருஷமா ஏன் கேக்கல?” என்றேன் கடைசியில்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். “உசுரோட இருக்கும்போது எதைக் கேட்டாலும் கத்துவீங்களே.”